பள்ளியும் விடுதியும்

'பள்ளி' என்னும் சொல்லுக்குப் படுக்கை என்றும் பொருள் உண்டு. பள்ளியறை, பள்ளியெழுச்சி என்பவற்றை நோக்குக. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலைக் குகையில், ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன்பு, நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி என்பான் கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்குக் கல்லிலே உறையுள் அமைப்பித்தான். அங்குள்ள கல்வெட்டு அதனைப் 'பள்ளி' என்றே குறிக்கிறது. நகருக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், இன்னாருடைய மாணாக்கர் இன்னார் எனப் பேசுகின்றன. துறவியர் தங்கிய இடத்திலேயே மாணாக்கரும் பயின்றமையால், உறைவிடத்தின் பெயரே கல்விக்கூடத்திற்கும் ஆயிற்று.

அம்மலைக்கு அண்மையிலேதான், 1966இல் தோன்றி, 1978 முதல் காமராசர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் தன் விடுதிகளோடு விளங்குகின்றது. மதுரையைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியிலிருந்து வரும் ஏழை மாணவனுக்கு வகுப்பில் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? இரவில் தலைசாய்க்கவும் ஓர் இடம் வேண்டுமன்றோ?

விடுதியில் இடமின்றிப் படிப்பை நிறுத்தி ஊர் திரும்பிய என் வகுப்புத் தோழன் ஒருவனை நான் இன்றும் மறந்திலேன். அவனினும் நான் அறிவிற் சிறந்தவனல்லன். எனக்குப் பாய் விரிக்க இடம் கிடைத்தது, அவ்வளவே. ஆதலின், விடுதியைக் கல்விக்குப் புறம்பானது என்று எண்ணாதீர்கள். பள்ளி என்னும் சொல்லே அதற்குச் சான்று.