மேதை என்ற சொல்லின் பாரம்



பாடகர்களைப் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். அவர்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்குச் சொல்பவர் ஒருவர் இருப்பார்: ஊடகத் தொடர்பாளர். யார் கலைஞரைச் சந்திக்கலாம், எதைக் கேட்கலாம், செய்தி எந்தச் சொல்லில் வெளிவர வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. அப்படி ஒருவர்தான் இங்கிலாந்தின் டெரெக் டெய்லர்.

1932இல் பிறந்த டெய்லர் முதலில் பத்திரிகையாளர். 1963இல் மான்செஸ்டரில் பீட்டில்ஸ் நிகழ்ச்சியைப் பற்றி எழுதப் போனவர், அடுத்த வருடமே அவர்களுடைய ஊடகத் தொடர்பாளரானார். அந்த வருடத்து உலகப் பயணம் எங்கள் கோபன்ஹேகனில்தான் தொடங்கியது. 1964 ஜூன் 4, கே.பி. ஹாலன் அரங்கு. முதல்நாள்தான் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ தொண்டை அழற்சியால் லண்டன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். ஒரே நாளில் பிடித்த ஜிம்மி நிக்கோல் அவருக்குப் பதிலாக வாசித்தார். அந்த அரங்கு 2011இல் எரிந்தது. 2019இல் புதிய அரங்கு திறந்தார்கள்.

பிறகு டெய்லர் கலிபோர்னியா போனார். ரவிசங்கர் வாசித்த 1967 மான்டெரி இசைவிழாவுக்கும் அவர்தான் விளம்பரம் பார்த்தார். அதற்கு முந்தைய வருடம் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்காக அவர் பரப்பிய வாசகம் ஒன்றுதான்: 'பிரையன் வில்சன் ஒரு மேதை.' வில்சனுக்கு அப்போது 23, 24 வயது. வாசகம் பலித்தது. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்த 'ஸ்மைல்' இசைத்தட்டு 1967இல் கைவிடப்பட்டது. காதில் குரல்கள் கேட்கும் மனநோயோடு அவர் பல காலம் போராடினார். 'ஸ்மைல்' அவர் கையால் முழுமையானது 2004இல்தான்.

தாதியாக ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்படியான நோய் ஒரு சொல்லால் வருவதில்லை. டெய்லரும் பொய் சொல்லவில்லை, வில்சன் மேதைதான். ஆனால் அந்தச் சொல் தனக்கு அழுத்தமாக இருந்ததென்று வில்சனே பின்னாளில் சொன்னார். சொன்னவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சுமப்பவருக்கு அதை இறக்கிவைக்க இடமில்லை.

டெய்லர் 1968இல் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்குத் திரும்பினார். 1970இல் குழு உடைந்தபோது பத்திரிகைகளுக்கு அறிக்கை எழுதியவரும் அவரே. 1997இல் இறக்கும்போதும் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தார்.

நம் மேடைகளில் அறிமுகவுரை செய்பவரும் ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஊடகத் தொடர்பாளர்தான். பதினைந்து வயதுப் பிள்ளையின் அரங்கேற்றத்தில் 'இசைமேதை' என்று சொல்லிவிட்டு நாம் சாப்பிடப் போய்விடுகிறோம். பிள்ளை திங்கட்கிழமை அந்தச் சொல்லோடு பள்ளிக்கூடம் போகிறது.

வேலைநேரம் முடிந்து அடுத்த தாதியிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது, கண்டதைத்தான் சொல்வோம்: இரண்டு தடவை எழுந்து நடந்தார், பாதி சாப்பாடு சாப்பிட்டார். மேடையிலும் அது போதும். எட்டு வருடம் படித்தாள், இன்று தோடி பாடினாள் என்று சொல்லுங்கள். அந்தப் பாராட்டை அவள் சுமக்க வேண்டியதில்லை. அது அவள் செய்தது.