அரிசிப் பூஞ்சணத்தில் கிடைத்த இதய மருந்து

அரிசியில் பச்சை நீலமாகப் பூஞ்சணம் பிடித்தால் நாம என்ன செய்வோம்? தூக்கிக் கொட்டிடுவோம். ஜப்பானில் ஒருவர் அதைத் தேடித் தேடிச் சேகரித்தார். பெயர் அகிரா எண்டோ, உயிர்வேதியியலாளர். 1933-ல் அகிதா பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே காளான்மேல் அவருக்குத் தீராத ஆசை.

1957-ல் சாங்கியோ மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். பழச்சாற்றைத் தெளிய வைக்கும் நொதியைப் பூஞ்சணங்களில் தேடுவதுதான் முதல் வேலை. 1966-ல் ஆய்வுக்காக நியூயார்க் போனார். அங்கே மாரடைப்பு மலிந்து கிடந்ததைப் பார்த்த பிறகு கொலஸ்ட்ரால் பக்கம் திரும்பினார்.

நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டில் வருவதில்லை, உடம்பே தயாரிப்பது. அந்தத் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைப் பூஞ்சணம் ஏதாவது சுரக்குமா என்று எண்டோ யோசித்தார். பல நுண்ணுயிர்களுக்கு உயிர்வாழக் கொலஸ்ட்ரால் மாதிரியான பொருட்கள் வேண்டும். அதைத் தடுத்தால் எதிரி வளராது. பக்கத்தில் இருப்பதை அடக்க ஒரு பூஞ்சணம் இந்த ஆயுதத்தை வைத்திருக்கலாம் இல்லையா? வேரழுகலுக்கு ட்ரைக்கோடெர்மா விரிடி போடுகிற நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

1971-ல் தேடல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார்கள். கடைசியில், கியோட்டோவில் ஒரு தானியக்கடை அரிசியில் கிடைத்த பெனிசிலியம் சிட்ரினம் கைகொடுத்தது. அதிலிருந்து பிரித்த காம்பாக்டின்தான் முதல் ஸ்டேட்டின். (அதுக்காகப் பூஞ்சண அரிசியைத் தின்னுடாதீங்க! இந்த இனம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நஞ்சையும் சுரக்கும்.)

ஆனால் எலிக்குக் கொடுத்தால் கொலஸ்ட்ரால் குறையவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு மூட்டை கட்டியிருப்பார்கள். எண்டோ கோழியை நினைத்தார். முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறதே, அப்படியென்றால் கோழியின் ரத்தத்திலும் நிறைய ஓடத்தானே வேண்டும்? 1976-ல் முட்டைக்கோழிகளுக்குக் கொடுத்தார்கள். பாதி வரைக்கும் இறங்கியது. பண்ணை தெரிந்த மனுசனுக்குத்தான் இப்படித் தோன்றும் என்பது என் எண்ணம்.

பிறகு நோயாளிகளிடமும் பலன் தெரிந்தது. ஆனாலும் நாய்களில் நடத்திய சோதனையால் பயந்துபோய் நிறுவனம் 1980-ல் காம்பாக்டினைக் கைவிட்டது. 1987-ல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் லோவாஸ்டேட்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது மண்ணில் வாழும் இன்னொரு பூஞ்சணம் தந்தது.

எண்டோ அதற்கு முன்பே டோக்கியோ வேளாண், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். அரிசியைச் சிவப்பாக்கும் மொனாஸ்கஸ் பூஞ்சண வகையில் 1979-ல் அவர் கண்டெடுத்ததும் அதே லோவாஸ்டேட்டின்தான். 2008-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 2024 ஜூனில் 90 வயதில் இறந்தார். ஸ்டேட்டின் மாத்திரை விற்ற பணத்தில் அவருக்கு ஒரு காசு வரவில்லை.