தோட்டம் மாறினாலும்

நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வேலையும் வீடும் இணைபிரியாதவையாய் இருந்ததை நாம் அறிவோம். வேலை போயின், லயத்து வீடும் போயிற்று. 1950களில் மலாயாவின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் பலர் பாய், அண்டா, அம்மி, கோழிக்கூண்டுடன் லோரியேறினர். மூட்டைகளின்மேல் அமர்ந்த சிறுவர்க்கு அது உல்லாசப் பயணம். பெற்றோர்க்கோ, 'அங்கே பள்ளி உண்டா?' என்னும் கவலை.

இந்நிலை மாற, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தவணையாகக் கட்டிய பங்குப் பணமே தோட்டங்களை வாங்கிற்று.

பெற்றோரே! இன்றும் இடம் மாறுவோர், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் பள்ளி மாற்றுக் கடிதத்தையும் மூட்டைக்குள் கட்டாது கையிலேயே வைத்துக்கொள்க. அவை தொலைந்தால் பிள்ளையின் படிப்பே தடைப்படக்கூடும். வீடு மாறலாம், நம் பிள்ளைகளின் கல்வி அறுபடலாகாது.