மீன் புண்ணுக்குப் பூண்டு: குட்டையில் அல்ல, தீவனத்தில்!

மார்கழி, தை குளிரில் உத்திரமேரூர் வட்டாரப் பண்ணைக் குட்டைகளில் மீன் வளர்ப்போர் மீனின் உடலைக் கவனிக்க வேண்டும். சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது புண் நோயின் தொடக்கமாக இருக்கலாம். பூஞ்சை போன்ற ஒரு கிருமி புண்ணை உண்டாக்க, ஏரோமோனாஸ் பாக்டீரியா அதில் புகுந்து மீனைக் கொல்கிறது.

கண்ட ஆன்டிபயாட்டிக்கைப் போட்டால் அதன் மிச்சம் மீன் கறியில் தங்கும். கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும்.

பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின், பாக்டீரியாவை அடக்கும். புவனேசுவரம் அருகே உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தினர், கிலோ தீவனத்துக்கு 1 முதல் 10 கிராம் வரை பூண்டு கலந்து ரோகு குஞ்சுகளுக்கு 60 நாட்கள் கொடுத்தனர். பிறகு ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தியபோது, பூண்டு தின்ற குஞ்சுகளே அதிகம் பிழைத்தன.

செய்முறை: 10 கிராம் பூண்டை நசுக்கி, 10 நிமிடம் கழித்து, ஆறிய கஞ்சியில் கலக்கவும். அதை 1 கிலோ தவிடு, பிண்ணாக்குத் தீவனத்தில் பிசைந்து, நிழலில் உலர்த்தி, அன்றே கொடுக்கவும். ஐப்பசியிலேயே தொடங்குவது நல்லது. நோய் முற்றிய மீன் சரியாக இரை எடுக்காது. அப்போது தீவன மருந்து பயன்படாது.

எச்சரிக்கை: மூலிகைதானே என்று எதையும் நீரில் ஊற்றக் கூடாது. வேப்பெண்ணெய் அளவு மீறினால் மீன் சாகும். இலுப்பைப் பிண்ணாக்கு, களை மீன்களைக் கொல்லவே குளத்தில் இடப்படுகிறது.

புண் கண்டால் செத்த மீன்களை அகற்றிப் புதைக்கவும். நீரைப் பரிசோதித்து, மீன்வளத்துறை அலுவலர் சொல்லும் அளவில் சுண்ணாம்பு இடவும்.