அபராதம் கட்டினால் தீர்ந்துவிடுமா?

பொங்கோலிலிருந்து தெம்பனிஸ் விரைவுச்சாலைக்கு ஏறும் வழியில் மூச்சுச் சோதனையில் சிக்கியவர் முதலில் கேட்பது, "அபராதம் எவ்வளவு வரும்?" என்பதுதான். அவர் கவலைப்பட வேண்டியது ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி. 2019 நவம்பரில் கடுமையாக்கப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, குடித்துவிட்டு ஓட்டி முதல்முறை சிக்குபவருக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். கூடவே வரும் வாகனம் ஓட்டத் தடை குறைந்தது 2 ஆண்டு. தடை ஓராண்டைத் தொட்டாலே பழைய உரிமம் செல்லாது. மறுபடி தேர்வெழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். எனவே வழக்கில் போராடத் தகுந்த இடம் எங்கே இருக்கிறது என்று, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இடம் குறுகலானதுதான். 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மதுவே வரம்பு. விபத்தோ சேதமோ இல்லாத வழக்குகளுக்கு உயர் நீதிமன்றம் 2021இல் ஓர் அளவுகோல் வகுத்தது. அளவு 54 வரை இருந்தால் பெரும்பாலும் 4,000 வெள்ளிக்குள் அபராதம், இரண்டரை ஆண்டுக்குள் தடை. 90ஐத் தொட்டால் 8,000 வெள்ளிக்கு மேல், தடை 4 ஆண்டுக்குக் குறையாது. ஆக, கருவி காட்டிய எண்ணே பாதி வழக்கு. "நிலையத்தில் காத்திருந்தபோதுதான் போதை ஏறியது" என்ற வாதம் எடுபடாது. ஓட்டியபோது இருந்த அளவு அதைவிடக் குறைவல்ல என்றே சட்டம் அனுமானிக்கிறது. ஓட்டி முடித்த பிறகு குடித்ததால்தான் வரம்பு மீறியது என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. தக்க காரணமின்றி மூச்சு தர மறுப்பதும் குற்றமே. ஆனால் புளோக் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள் தூங்கியவர் கதை வேறு. ஓட்டும் வாய்ப்பே இருக்கவில்லை, போதையேறிய பின் ஓட்டவும் இல்லை என்று அவர் காட்டினால் தப்ப வழியுண்டு. குற்றச்சாட்டுத் தாளில் இருப்பது ஓட்டியதற்கான பிரிவா, வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்ததற்கான பிரிவா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

"வண்டி ஓட்டித்தான் பிழைக்கிறேன், கருணை கிடையாதா?" என்று லாரி ஓட்டுநர் கேட்பது நியாயமான கேள்வி. அலுவலக ஊழியருக்கு அதே தடை டாக்சிச் செலவோடு போய்விடும். இருந்தும், தடையிலிருந்து விலக்கும் 'சிறப்புக் காரணம்' குற்றம் நடந்த சூழலைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். குடும்பச் சுமையும் வேலை இழப்பும் அதில் சேரா. உயிருக்குப் போராடுபவரை வேறு வழியின்றி மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது போன்ற நெருக்கடி வேண்டும். கொடுமையாகத் தெரியலாம். ஆனால் பிழைப்பை விலக்காக ஏற்றால், நாளெல்லாம் சாலையில் இருப்பவருக்கே அதிகச் சலுகை போகும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் வழக்கறிஞர் எதற்கு? ஆதாரத்தைச் சரிபார்க்க, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு முறையீடு எழுத, தண்டனைக் குறைப்புக்கு வாதிட. வசதியில்லாதவர் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவச ஆலோசனையை நாடலாம். ஆங்கிலம் புரியாவிட்டால் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவகாசம் கேட்கவும் தயங்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர், 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்தாலும், தண்டனையைப் பற்றி மட்டுமே வாதிட முடியும்.