தாம்பரத்து மழையும் வளைகோட்டின் மிகையும்

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்த மழை அது. அந்நான்கு எண்களைக் கொண்டே ஒரு கணக்கைக் காண்போம்.

நான்கின் சராசரி 40. அதிலிருந்து விலக்கங்கள் 9, 7, −5, −11. விலக்கங்களின் வர்க்கச் சராசரியாகிய பரவற்படி 69. கனச் சராசரி −96. இவற்றைப் புள்ளியியலார் திருப்புத்திறன்கள் என்பர். விசையைத் தொலைவால் பெருக்கும் நெம்புகோல் கணக்கிலிருந்து கார்ல் பியர்சன் எடுத்தாண்ட சொல் அது.

மழையின் பரவல் இன்ன வடிவினது என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல், தரவே தன் வளைகோட்டை வரையட்டும் என விடுவது பண்பளவை சாரா முறை. ரோசன்பிளாட் 1956இலும் பார்சன் 1962இலும் இதற்கு அடித்தளமிட்டனர். ஒவ்வோர் அளவின்மீதும் ஒரு சிறு குன்றை எழுப்பி, எல்லாக் குன்றுகளையும் கூட்டி அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் அடர்த்திச் சார்பு கிடைக்கும். நம் நான்கு அளவுகள்மேலும் 5 செ.மீ. திட்ட விலக்கம் கொண்ட இயல்நிலைக் குன்றுகளை எழுப்புவோம்.

இவ்வளைகோட்டின் திருப்புத்திறன்களைக் காணப் பலர் அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தொகையிடுகின்றனர். அது வேண்டாத உழைப்பு. வளைகோடு சொல்வது இதுவே: நான்கில் ஒன்றைக் குலுக்கி எடு, அதனோடு தொடர்பற்ற ஒரு பிழையைச் சேர். பிழை இருபுறமும் சமச்சீரானது. ஆதலால் சராசரி 40 ஆகவே நிற்கும். பரவற்படியோ 69உடன் 5இன் வர்க்கமும் சேர்ந்து 94 ஆகிறது. திட்ட விலக்கம் 8.3இலிருந்து 9.7க்கு உயர்கிறது. வானம் பொழியாத வேறுபாட்டை நம் கையே சேர்த்துவிட்டது!

மூன்றாம் திருப்புத்திறன் −96 அப்படியே இருக்கிறது. ஆயினும் அதை வகுக்கும் எண்ணாகிய திட்ட விலக்கத்தின் கனம் பெருத்ததால், சமச்சீரின்மையைக் காட்டும் கோட்டளவை −0.17இலிருந்து −0.11ஆகச் சுருங்குகிறது. குன்று அகல அகல, எந்தத் தரவும் சமச்சீரானது போலத் தோன்றும். இந்த மயக்கத்தையே நான் பெரிதும் அஞ்சுகிறேன். பரவற்படியின் மிகைக்கு மட்டும் மருந்து எளிது: சராசரியிலிருந்து ஒவ்வொரு தொலைவையும் 0.86ஆல் பெருக்கி வளைகோட்டை ஒடுக்கினால் பரவற்படி மீண்டும் 69 ஆகும். 1986இல் வெளிவந்த சில்வர்மனின் நூல் இத்திருத்தத்தை விளக்குகிறது.

ஆண்டு முழுவதற்குமான நாள்மழைக்கு இது மட்டும் போதாது. தாம்பரத்தில் மழையற்ற நாள்களே மிகுதி; அவற்றின் குன்றுகளில் பாதி சுழிக்குக் கீழே, இல்லாத எதிர்மழையின் பக்கம் சரியும். அப்பகுதியைச் சுழியில் மடித்து மேலே கொணர்ந்தால் சுழியைச் சுற்றிய இரண்டாம் திருப்புத்திறன் மாறாது, சராசரி உயர்ந்துவிடும். ஆகவே மழையற்ற நாள்களை முதலில் பிரித்து எண்ணி, பெய்த நாள்களுக்கு மட்டும் குன்றுகளை எழுப்புவதே முறை.