போகிறவருக்குக் காப்பீடு உண்டு, இருப்பவர்களுக்கு?

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவரின் பெட்டியில் பிரஷர் குக்கருக்கும் சாம்பார்ப் பொடிக்கும் நடுவே நிச்சயம் ஒரு மருந்துப் பை இருக்கும். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு ஒன்று, அம்மா வற்புறுத்தி வைத்த இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக். அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அங்கே பாராசிட்டமாலைக்கூட மருந்துக் கடையில்தான் வாங்க முடியும்; ஒரு பெட்டியில் 10 கிராமுக்கு மேல் வேண்டுமென்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் மூலிகை டீ குடித்துவிட்டுப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார் என்பது போன புதிதில் நம்மவர்கள் எல்லோரும் சொல்லும் புகார்.

மாத்திரைக்கு இத்தனை முன்யோசனை. காப்பீடு என்றால் மட்டும், "அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்று முடித்துவிடுகிறோம். போகிறவரைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மைதான். அவரைச் சட்டமே பார்த்துக்கொள்கிறது. அவரைச் சுற்றி இருப்பவர்களின் கதைதான் வேறு. குறிப்பாக, ஊரிலேயே தங்கிவிடும் அப்பா அம்மாவின் கதை.

முதலில் போகிறவரைப் பார்த்துவிடுவோம். தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீட்டை 1883-லேயே சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. கொண்டுவந்தவர் பிஸ்மார்க். ஏழைகள் மீதான கருணையைவிட, வளர்ந்துவந்த சோஷலிஸ்ட் கட்சிக்குத் தொழிலாளர்கள் போய்விடக் கூடாதே என்ற கணக்கு அவருக்கு இருந்தது. நோக்கம் எதுவானால் என்ன, ஏற்பாடு இன்றும் நிற்கிறது. ஏஓகே, டிகே, பார்மர் என்று தொண்ணூற்றுச் சொச்சம் பொதுக் காப்பீட்டு அமைப்புகள் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் அடிப்படைச் சிகிச்சை ஒன்றுதான். கட்டணத்தை நம் வயதோ நோயோ தீர்மானிப்பதில்லை, சம்பளம்தான் தீர்மானிக்கிறது. அடிப்படை 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வோர் அமைப்பும் கூடுதலாக வாங்குவது 2025-ல் சராசரியாக 2.5 சதவீதம். பாதியை முதலாளி கட்டுகிறார். முதுமைப் பராமரிப்புக் காப்பீடு தனி. மாதம் 5,000 யூரோ சம்பளம் வாங்கும், குழந்தையில்லாத ஒருவருக்கு 2025 கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 548 யூரோ பிடித்தம் போனது. முதல் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்.

ஆனால் இங்கே பாலிசி எடுக்கப் பட்ட பாட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, அப்பாவுக்கு இதயநோய் உண்டா என்ற கேள்வித்தாள், அதன்பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பு. ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டில் இது எதுவும் கிடையாது. பத்து வருடமாக இன்சுலின் போடுகிறவருக்கும் வேலையில் சேர்ந்த நாள் முதலே முழுக் காப்பு. மருந்துக்கு 5 முதல் 10 யூரோ, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளொன்றுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்துக்கு 28 நாள் வரைக்கும்தான். நம் கையிலிருந்து போவது பெரும்பாலும் அவ்வளவே. உடன் வரும் கணவனுக்கோ மனைவிக்கோ வருமானம் இல்லையென்றால் அவரும் குழந்தைகளும் ஒரு யூரோகூடக் கூடுதலாகக் கட்டாமல் அதே காப்பீட்டில் சேரலாம். நாற்பது வயதில் சர்க்கரையோடும் இரண்டு பிள்ளைகளோடும் போகிற ஒருவருக்கு இதைவிட மலிவான ஏற்பாடு உலகத்தில் அதிகம் இருக்காது.

கவனிக்க வேண்டிய இடுக்குகள் இரண்டு. காப்பீடு தொடங்குவது வேலை ஒப்பந்தத்தில் உள்ள தேதியில். விமானம் இறங்கும் நாளில் அல்ல. ஒன்றாம் தேதி வேலை, பதினைந்து நாள் முன்னால் போய் வீடு பார்க்கலாம் என்று கிளம்பினால் அந்தப் பதினைந்து நாளும் பயணக் காப்பீட்டில்தான் ஓட்ட வேண்டும். விசாவுக்காக வாங்கும் அந்தப் பாலிசியைத் தேதி இடிக்காமல் பார்த்து எடுங்கள். குடும்பம் பின்னால் வருகிறதென்றால் அவர்களுடைய காப்பும் அவர்கள் அங்கே வந்து குடியேறிய பிறகுதான் தொடங்கும். இன்னொன்று, இன்னும் பழைய பாணியில் ஆன்சைட் போகிறவர்களுக்கு. சம்பளமும் ஒப்பந்தமும் சென்னை அலுவலகத்திலேயே இருக்க, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் டெபுடேஷனில் போனால் ஜெர்மனியின் கட்டாயக் காப்பீடு பொதுவாக உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. கம்பெனி வாங்கித் தரும் வெளிநாட்டு பாலிசிதான் கதி. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2017 மே மாதம் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஓய்வூதியம் சார்ந்தது, ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவாது. எனவே ஆன்சைட் போகும் தம்பதியர் எச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிரசவச் செலவு பாலிசியில் உண்டா என்பது.

இனி தனியார் காப்பீடு. ஆண்டுச் சம்பளம் 73,800 யூரோவைத் தாண்டினால் (2025 வரம்பு) பொதுக் காப்பீட்டிலிருந்து வெளியேறித் தனியாரிடம் போகலாம். நீல அட்டை (ப்ளூ கார்ட்) என்ற வேலை அனுமதிக்கு அதே ஆண்டில் பொதுவாகக் கேட்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 48,300 யூரோ என்பதால் நம்மவர்களில் பலருக்கு இந்தக் கேள்வியே எழாது. கேள்வி எழக்கூடியவர்களைத் தேடி ஏஜென்ட்கள் வருவார்கள். முப்பது வயது, நோய் இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்றால் அவர்கள் காட்டும் கட்டணம் பொதுக் காப்பீட்டைவிடக் குறைவாகவே இருக்கும். டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டும் சீக்கிரம் கிடைக்கும். இது அங்கே எல்லோரும் அறிந்த, எல்லோரும் எரிச்சல்படுகிற விஷயம். ஆனால் தனியார் காப்பீட்டில் ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம். கல்யாணமானால் இன்னொன்று, குழந்தை பிறந்தால் இன்னொன்று. வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். சம்பளம் வரம்புக்குக் கீழே இறங்கினால் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப வழி உண்டு. 55 வயதுக்குமேல் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியாயிற்று. நிரந்தரமாகத் தங்குவோமா என்றே தெரியாத, குடும்பம் இன்னும் உருவாகாத ஒருவர் இப்படியொரு பாதையைச் சில நூறு யூரோ மிச்சத்துக்காகத் தேர்ந்தெடுப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

படிக்கப் போகிறவர்களுக்கும் இதே மாதிரி ஓர் ஒருவழிப் பாதை உண்டு. முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம், 2025-ல் மாதம் 145 யூரோவை ஒட்டி. விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கும் பணத்திலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வருகிறது, அதில் ஏழில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறதே என்று மலிவான தனியார் பாலிசி வாங்கி, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கடிதமும் பெற்றுவிடுகிறார்கள் சிலர். அந்த விலக்கு படிப்பு முடியும்வரை செல்லும். நடுவில் மனம் மாறினாலும், நோய் வந்தாலும், திரும்ப முடியாது.

ஜெர்மனித் தமிழர்கள் என்றால் ஐ.டி.காரர்கள் மட்டும் அல்ல. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போனவர்கள்தான் அங்கே மூத்த தலைமுறை. தஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்கென்று 1993-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஆரம்ப காலத்தில் கடும் நோய்க்கும் வலிக்கும் பிரசவத்துக்கும் மருத்துவம் உண்டு; நாள்பட்ட நோய்க்கு என்றால் அதிகாரியின் முடிவைப் பொறுத்தது. அந்த ஆரம்ப காலத்தை 2024-ல் 36 மாதமாக நீட்டிவிட்டார்கள். ஒரே நாடுதான். வேலை ஒப்பந்தத்தோடு இறங்குகிறவருக்கு முதல் நாளிலேயே எல்லாம், தஞ்சம் கேட்டு இறங்குகிறவருக்கு மூன்று வருடம் வரை அரைகுறை.

வேலையை ஒட்டியே எல்லாம் நடக்கிற இந்த ஏற்பாட்டில் பெற்றோருக்கு இடமில்லை. குடும்பக் காப்பீடு என்று அங்கே சொல்வது துணையையும் பிள்ளைகளையும் மட்டுமே. அப்பா அம்மா அந்தக் குடும்பத்தில் கிடையாது.

2024 மார்ச் 1 முதல் ஒரு புதிய வாசல் திறந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு முதன்முறையாக நீல அட்டையோ திறன் பணியாளர் அனுமதியோ பெற்றவர்கள் தங்கள் பெற்றோரையும், துணையும் அங்கேயே தங்கியிருந்தால் மாமனார் மாமியாரையும்கூட, அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அப்போது ஒரே உற்சாகம். வாசலைத் தாண்டும்போதுதான் தெரிந்தது, நிபந்தனைகளில் மருத்துவக் காப்பீடும் ஒன்று என்று. இதுவரை ஐரோப்பாவில் எங்கும் காப்பீட்டில் இல்லாத அறுபத்தைந்து வயதுக்காரரைப் பொதுக் காப்பீடு சேர்த்துக்கொள்ளாது. சாதாரணத் தனியார் நிறுவனம் சர்க்கரை, ஸ்டென்ட் என்று கேட்டதுமே கையை விரிக்கலாம். நிரந்தரமாகத் தங்குவதற்குப் பயணக் காப்பீடு போதாது. தனியார் நிறுவனங்கள் நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாத அடிப்படைத் திட்டம் ஒன்று உண்டு. தகுதி அமைந்தாலும் அதன் உச்சக் கட்டணம் 2025-ல் ஆளுக்கு மாதம் 900 யூரோவுக்கு மேல். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் ஒன்றரை லட்ச ரூபாயை எளிதில் தாண்டும். சட்டம் அனுமதிக்கிறது, காப்பீடு தடுக்கிறது.

ஆகவே பெரும்பாலான பெற்றோர் அங்கே போவது மூன்று மாத விசிட்டில்தான். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பு வேண்டும். விலை அதிகமில்லை. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோயைத் தொடுவதில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் ஏதோ ஒரு வரம்புவரை கொடுப்பவை உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு வழக்கமான மூட்டுவலி, வழக்கமான சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் ஊருக்கு வந்த பிறகுதான். மூன்று மாதத்துக்கான சொந்த உபயோக மருந்தைக் கொண்டுபோக அனுமதி இருப்பதால், டாக்டர் சீட்டோடு அதை எடுத்துச் செல்வது நல்லது. அம்மாவின் அந்த மருந்துப் பை இப்போது அவருக்கே பயன்படும்.

பெற்றோரின் நிஜமான காப்பு, எப்படிப் பார்த்தாலும், இந்தியாவில்தான் இருந்தாக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ ஐ.டி. கம்பெனியில் இருக்கும் பிள்ளையின் குரூப் மெடிக்ளெய்மில் அப்பா அம்மாவையும் சேர்த்திருப்பார்கள். எட்டு, பத்து வருடம் அதுவே ஓடியிருக்கும், தனியாக ஒரு பாலிசி எடுக்கத் தோன்றியே இருக்காது. பிள்ளை ரிசைன் செய்து கடைசி வேலை நாளில் அடையாள அட்டையை ஒப்படைக்கும்போது, அதோடு அப்பா அம்மாவின் காப்பும் போய்விடுகிறது. ஜெர்மனியில் பிள்ளைக்கு முதல் நாளிலேயே எல்லாம் கிடைக்க, ஊரில் அறுபத்தெட்டு வயது அப்பா வெறுங்கையோடு நிற்பார்.

வழி இருக்கிறது, நேரத்தோடு செய்ய வேண்டும். குரூப் பாலிசியில் இருப்பவர்கள் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதிகள் இடம் தருகின்றன. அதுவரை கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். வேலையை விட்ட பிறகு கேட்டால் இழுபறிதான். ரிசிக்னேஷன் கடிதம் கொடுப்பதற்கு முன்பே எச்.ஆரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். கம்பெனி கட்டியதைவிடப் பிரீமியம் பல மடங்கு இருக்கும், திகைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருப்பது சின்ன ஆறுதல். மாற முடியாமல் புதிதாகவே எடுத்தாலும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு பாலிசியே கிடையாது என்ற பழைய தடை 2024-ல் போய்விட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு உச்சபட்சம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைந்தது. பெற்றோர் தமிழக அரசு ஓய்வூதியர் என்றால் அவர்களுக்கான தனித் திட்டம் தொடரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது.

போகிறவரும் இங்கே தனக்கிருக்கும் சொந்த பாலிசியை, "அங்கேதான் எல்லாம் இருக்கே" என்று நிறுத்திவிடக் கூடாது. அது ஜெர்மனியில் செல்லாதுதான். ஆனால் ஐந்து வருடம் கழித்து நாற்பத்திரண்டு வயதில் பிரஷர் மாத்திரையோடு திரும்பி வந்தால், அதே 36 மாதக் காத்திருப்பு அவருக்கும் முதலிலிருந்து தொடங்கும். ஜெர்மனியில் ஒரு மாதம் பிடிக்கப்படும் தொகையில் இங்கே ஒரு வருடப் பிரீமியம் கட்டிவிடலாம்.

பணத்தால் தீராத வேலை ஒன்றும் பாக்கி இருக்கிறது. நள்ளிரவில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஷ்லெஸ் படிவத்தில் கையெழுத்துப் போடவும், காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் டிபிஏ அலுவலகத்தோடு போனில் மல்லுக்கட்டவும், பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுக்கவும் ஊரில் ஓர் ஆள் வேண்டும். ஜெர்மனி நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. போனில் பேசலாம், கவுன்ட்டரில் நிற்க முடியாது. சித்தப்பா மகனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவரைப் பெயர் சொல்லி முடிவுசெய்து, பாலிசி எண்ணையும் காப்பீட்டு அட்டையின் நகலையும் அருகில் எந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவிடமும் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப்போவது அநேகமாக அவர்தான்.